வீட்டுக்கும் வாட்டுக்கும் இடையில்

சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு வீட்டில் நடுச்சாமத்தில் பிள்ளையொருவன் கதவை உதைத்துக் கத்தத் தொடங்கினால், அங்கே வந்து சேர்பவர்களின் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலில் பக்கத்து வளவுக்காரர்கள். அடுத்தது மாமாவும் மச்சான்மாரும். பிறகு தண்ணி ஓதிக் கொடுக்க ஒரு லெப்பை. அதற்கும் அடங்காமல் கண்ணாடி உடைந்து, யாருக்காவது இரத்தம் வந்த பிறகு, கூட்டத்தில் ஒருவர் 119ஐ அழுத்துவார். டொக்டரின் முறை வருவதற்குள் பல வீடுகளில் கிழமைகளும் மாதங்களும் கடந்துவிடுகின்றன.

வசதி இல்லாத ஊர் என்றால் இதைப் புரிந்துகொள்ளலாம். கல்முனை அப்படியல்ல. இலங்கையில் மாவட்டங்கள் 25, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகள் 26. அந்த ஒன்று கூடுவதற்குக் காரணம் கல்முனை: அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்கென்று தனிப் பணிமனை இருக்கிறது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது. அந்த அழிவுக்குப் பிறகுதான் 2005இல் நாட்டின் உளநலக் கொள்கை வந்தது. அங்கொடை மனநல வைத்தியசாலையை விட்டு மனநல சிகிச்சை மாவட்டங்களுக்குள் நடந்து வந்தது.

சாய்ந்தமருதிலிருந்து வைத்தியசாலை மூன்று நான்கு கிலோமீற்றர். பொத்துவிலிலிருந்து அறுபதுக்கு மேல் என்பது வேறு கதை. ஆனாலும் கிட்ட இருப்பவரானாலும் சரி, தூர இருப்பவரானாலும் சரி, நோயாளி அடிபடுவதும் மானம் கெடுவதும் சில சமயம் உயிர் போவதும் வாட்டுக்குள் அல்ல, அதற்குப் போகிற வழியில்தான். அந்த வழியில் பெரும்பாலும் பொலிஸ் நிற்கிறது.

"ஒருத்தன் குழப்படி பண்றான்"

பொலிஸுக்குப் போகும் தகவல் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். அதற்குப் பின்னால் என்ன நோய் என்பதை அழைத்தவரும் அறியமாட்டார், வருபவரும் அறியமாட்டார். 

மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் இது முந்நூறு குடும்பங்களின் விடயம். பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. இல்லாத குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்று தோன்றும். அந்தப் பயத்தில்தான் நோயாளி தாக்குகிறார். இருதுருவ நோயின் எழுச்சி நிலை இன்னொரு வகை. மூன்று நான்கு நாள் தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார். கடையை விற்பேன், தேர்தலில் நிற்பேன் என்பார். தூக்கம் குறைவதுதான் முதல் அடையாளம். அந்த இரண்டாம் நாளிலேயே கிளினிக்குக்குப் போயிருந்தால் ஐந்தாம் நாள் பொலிஸ் ஜீப் வந்திருக்காது.

பிள்ளை பெற்ற தாய்க்கு, அநேகமாக முதல் இரண்டு கிழமைக்குள், திடீரென்று நினைவு தடுமாறி குழந்தையையே யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லும் நிலை வரலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு. இதில் ஒரு நாளைக்கூடத் தாமதிக்க முடியாது: தாயின் உயிரும் குழந்தையின் உயிரும் சேர்ந்தே ஆபத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் "நாப்பது முடியட்டும்" என்று மூடி வைக்கிறோம்.

இனி, மனநோயே இல்லாத ஒரு கூட்டம். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவரின் இரத்தத்தில் சீனி இறங்கினால் வேர்த்து, நாக்குக் குழறி, முரட்டுத்தனமாக நடப்பார்; குடிகாரர் என்றே ஊர் சொல்லும். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு சந்தியில் தடுமாறி நிற்கும் முதியவரைப் பற்றி முதலில் வரவேண்டிய சந்தேகம் இதுதான். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனித்தண்ணி கொடுக்கலாம், நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. வலிப்பு வந்து தெளிகிறவர் தன்னைப் பிடிப்பவரைத் தள்ளி அடிப்பார், அதற்கு அவர் பொறுப்பாளியல்ல. கடும் காய்ச்சலும் மூளைத் தொற்றும் மனிதரைப் பிதற்ற வைக்கும். வழி தெரியாமல் பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் அலையும் மூத்தப்பாவுக்கு மறதி நோய் இருக்கலாம். ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைன் பாவித்தவருக்கும் மனச்சிதைவு போன்றே சந்தேகமும் பயமும் வரும். அவரும் நோயாளியாகவே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர். வழக்கை அதன் பிறகு பார்க்கலாம்.

நோன்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. மனநல மருந்து எடுப்பவர்கள் பலர் ரமழானில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். பெருநாளை ஒட்டி நோய் திரும்புகிறது. லித்தியம் எடுப்பவருக்கு நிலைமை இன்னும் நுட்பமானது. பகல் முழுதும் தண்ணீர் இல்லாமல் உடல் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். கை நடுங்கும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். அவரையும் ஊர் "தண்ணி போட்டிருக்கான்" என்றுதான் சொல்லும். நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் கேட்டால், சஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மருந்தை மாற்ற முடியுமா, அல்லது அவர் நோன்பைத் தவிர்க்க வேண்டுமா என்று சொல்வார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மனநோயாளியும் நோயாளிதான் என்று ஒப்புக்கொள்வதில்தான் தயக்கம்.

1873இன் சட்டத்தோடு 2020களில்

நமது நாட்டில் மனநோயாளியை அவர் விருப்பமின்றிச் சிகிச்சைக்குக் கொண்டுபோவதை இன்றும் ஆள்வது 1873இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டம். 1956இல் திருத்தங்கள் வந்தன. நோயாளி தானாக வந்து சேர்வதற்கும் வழி பிறந்தது. ஆனால் அடிப்படை அமைப்பு பழையதே: பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்ற பாதை. புதிய உளநலச் சட்டத்துக்கான வரைவுகள் பல ஆண்டுகளாக மேசைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த பிறகும் இந்த நிலை.

சட்டம் நோயாளியை முழுக்கக் கைவிட்டுவிடவுமில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தம் கலங்கிய நிலையில் தான் செய்வதன் தன்மையை அறியாது ஒருவர் செய்வது குற்றமாகாது என்கிறது. தற்கொலை முயற்சி 1998 வரை குற்றமாக இருந்தது. அதைக் குற்றமாக்கிய பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. "பொலிஸ் கேஸாகிவிடும்" என்று நஞ்சு குடித்த பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்து மோர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு குடித்தவரை வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

அம்பாறை நெல் விளையும் மாவட்டம்; வயல்காரர் வீட்டில் பூச்சி மருந்து இருக்கத்தான் செய்யும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயர்ந்த இடங்களில் ஒன்றாக நின்றது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ய, அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிற்று. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் சாகத் தோன்றும் அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது, ஆள் பிழைத்துக்கொள்கிறார். ஆகவே பூச்சி மருந்துப் போத்தலைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பம்பலப்பிட்டியும் தர்கா நகரும்

2009 அக்டோபர் 29. கொழும்பு பம்பலப்பிட்டிக் கடற்கரையில், ரயிலுக்கும் வாகனங்களுக்கும் கல்லெறிந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தமிழ் இளைஞர் கடலுக்குள் விரட்டப்பட்டார். அவர் மனநோயாளி. தண்ணீருக்குள் நின்று கைகூப்பிக் கெஞ்சியவரைப் பொல்லால் அடித்தார்கள், மூழ்கிப்போனார். அடித்தவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எடுத்த காணொளி தொலைக்காட்சியில் ஓடியதால் நாடே பார்த்தது. கரையில் நின்ற கூட்டமும் அதில் தெரிந்தது.

2020 மே 25. ஊரடங்கு நேரம், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள். தர்கா நகரில் சைக்கிளில் போன 14 வயதுப் பிள்ளையொருவன் சோதனைச் சாவடியில் பிடித்து அடிக்கப்பட்டான். அவனுக்கு ஓட்டிசம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததும் கண்ணைப் பார்க்காததும் நிலைமைக்குப் பொருந்தாமல் நடந்துகொள்வதும் அந்த நிலையின் இயல்பு. சாவடியில் நின்றவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டும் கல்முனையில் நடந்தவையல்ல. ஆனால் இங்கேயும் நடக்கக்கூடியவை. பொலிஸ் பயிற்சி கட்டளைக்குக் கீழ்ப்படிய வைப்பதைச் சொல்லிக் கொடுக்கிறது: சொன்னதைச் செய்யாதவன் எதிர்க்கிறான் என்பது அதன் கணக்கு. காதுக்குள் நாலு குரல் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் மனிதருக்கு ஐந்தாவதாக ஒரு அதட்டல் எப்படி விளங்கும்? கூட்டத்தின் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. கையில் போனைப் பிடித்து நிற்பவர்கள் பாதி, "ரெண்டு போடுங்க சேர், சரியாகும்" என்பவர்கள் மீதி. பம்பலப்பிட்டிக் காணொளி ஒரு சாட்சியமாயிற்று என்பது உண்மை. ஆனால் நமது தெருக்களில் எடுக்கப்படுகிற படங்கள் சாட்சியத்துக்காக எடுக்கப்படுபவை அல்ல. முகநூலில் ஏறிய ஒரு காணொளி, நோய் தெளிந்து வந்த பிள்ளையைப் பத்து வருடம் துரத்தும். தங்கச்சியின் கலியாணப் பேச்சில் அது மறுபடி வரும்.

சீருடைக்குப் பின்னால் இருக்கும் நினைவுகள்

இந்தக் கரையில் ஒரு சீருடை வெறும் சீருடை அல்ல. 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தபோது, கல்முனை உட்படக் கிழக்கின் நிலையங்களிலிருந்து சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் கல்முனையிலும் பாண்டிருப்பிலும் தமிழ் இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு முஸ்லிம் வீடுகளில் நடந்த தேடுதல்களைப் பிள்ளைகளும் மறக்கவில்லை. இப்படியான ஊரில், ஏற்கெனவே "என்னைக் கொல்ல வாறாங்க" என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் வாசலில் நாலு பேர் பூட்ஸ் காலோடு இறங்கினால், அவரது நோய் சொன்னது மெய்யாகிவிடுகிறது.

மொழி அடுத்தது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆனாலும் இரவுக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. பதற்றத்தைத் தணிக்கக் கையிலிருக்கும் ஒரே கருவி பேச்சு. அந்தப் பேச்சு அரைகுறை மொழியில் நடந்தால் கை முந்திக்கொள்கிறது. பெண் நோயாளி என்றால் பெண் பொலிஸ் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. நோயின் வேகத்தில் பர்தாவைக் கழற்றி எறிந்த பெண்ணை வெளியே கொண்டுபோகக் கூசி, குடும்பம் அறையில் பூட்டி வைத்து நாட்களைக் கடத்துகிறது. ஒரு போர்வையும் ஒரு ராத்தாவும் கூட வந்தால் போதும், அவளை மானத்தோடு கொண்டுபோகலாம்.

ஓதிப்பார்ப்பதும் கட்டிவைப்பதும்

லெப்பையையும் மௌலவியையும் இந்தக் கட்டுரையில் எதிரியாக நிறுத்த நான் தயாரில்லை. ஓதிப்பார்ப்பதால் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்கிறது. நோயாளியும் சில வேளை அடங்குகிறார். ஊசியோடு ஓதலும் நடக்கட்டும். பிரச்சினை தொடங்குவது "ஜின்னை அடிச்சுத்தான் இறக்கணும்" என்பவரிடமும், "அந்த ஆஸ்பத்திரி மருந்த நிப்பாட்டுங்க" என்பவரிடமும். அடி விழுவது பிள்ளையின் உடம்பில்.

சங்கிலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடியை நினைத்தால் போதும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து மாண்டார்கள். நமது மரபில் மறுபக்கமும் உண்டு. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. வெள்ளிக்கிழமை குத்பாவில் ஒரு தடவையாவது இதைச் சொல்ல ஒரு கதீப் முன்வந்தால், நாங்கள் எழுதும் பத்துக் கட்டுரைகளை விட அது தூரம் போகும்.

அழைப்பதற்கு முன்னும் அழைக்கும்போதும்

ஆள் பேசக்கூடிய நிலையில் இருக்கிறார், கையில் ஆயுதம் இல்லை என்றால் பொலிஸ் முதல் அழைப்பாக இருக்கவேண்டியதில்லை. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். 1333உம் மனம் விட்டுப் பேசுவதற்கானது. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் நோயாளி என்றால் அந்தப் பிரிவுக்கு நேரடியாகவே அறிவிக்கலாம். கத்தியோ பொல்லோ கையில் இருக்கிறது, யாருக்கோ உயிராபத்து என்றால் 119ஐத் தயங்காமல் அழையுங்கள். ஆனால் சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள்:

"சேர், என்ட மகனுக்கு மனநோய். கல்முனை கிளினிக்ல மருந்து எடுக்கிறவர், ஒரு மாசமா நிப்பாட்டிட்டார். கையில ஒண்டுமில்ல. சத்தம் போட்டா பயப்படுவார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் உதவி வேணும்."

"பைத்தியம் வெட்ட வாறான்" என்று சொன்னால், வருபவர் அதற்கு ஆயத்தமாகத்தான் வருவார்.

பொலிஸ் வரும்வரை வாசலில் கூடியவர்களை அனுப்பிவிடுங்கள். ஒருவர் மட்டும், நோயாளி நம்புகிற ஒருவர், மெதுவாகப் பேசட்டும். வாதாட வேண்டாம். "அப்படி ஒரு குரலும் இல்ல" என்று சண்டை பிடிப்பதாலும் பயனில்லை, ஆமோதிப்பதாலும் பயனில்லை. "உனக்கு எவ்வளவு பயமா இருக்கும் மனே" என்பது உண்மையும் கூட. வெளியே போகிற வழியை மறித்து நிற்காதீர்கள். 

வருகிற உத்தியோகத்தருக்கும் இவையே பொருந்தும். சைரனை ஜீப் சந்தியிலேயே நிறுத்தலாம். மூன்று பேர் ஒரே நேரம் பேசாமல் ஒருவர் பேசலாம். "தம்பி, உங்களப் புடிச்சிட்டுப் போக வரல்ல, உங்களுக்கு ஒண்டும் ஆகாமப் பாத்துக்கத்தான் வந்திருக்கம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். பிடித்தே ஆகவேண்டும் என்றால் கைகால்களைப் பிடிக்கலாம். குப்புறப் போட்டு முதுகிலோ கழுத்திலோ முழங்காலை ஊன்றக்கூடாது: பல நிமிடம் திமிறிய உடலுக்கு மூச்சு அதிகம் தேவை, நெஞ்சை அமுக்கினால் அது நின்றுபோகும். சட்டென்று அமைதியானால் அடங்கிவிட்டார் என்று நினைக்காமல் மூச்சைப் பாருங்கள். கொண்டுபோகும் இடம் பொலிஸ் கூடு அல்ல, வைத்தியசாலை.

மெம்பிஸ், இந்தியா, நமது சிவில் பாதுகாப்புக் குழு

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநோயாளியான தன் மகனுக்கு உதவி கேட்டு ஒரு தாய் அழைத்தார். வந்த பொலிஸ் அந்த மகனைச் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டே அந்த நகரம், விரும்பி முன்வந்த பொலிஸாருக்கு 40 மணித்தியாலப் பயிற்சி கொடுத்துத் தனி அணி ஒன்றை உருவாக்கியது. அதோடு, பொலிஸ் கொண்டுவரும் எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பாத ஒரு மருத்துவமனையையும் ஏற்பாடு செய்தது. பயிற்சியால் பொலிஸாரின் அறிவும் மனப்பாங்கும் மாறுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பலப்பிரயோகம் குறைகிறதா என்பதில் முடிவுகள் கலப்பாகவே இருக்கின்றன. என் கணிப்பில் பயிற்சியை விட அந்தத் திறந்த கதவுதான் பெரிய விடயம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது: தெருவில் அலையும் மனநோயாளியைப் பொலிஸ் 24 மணித்தியாலத்துக்குள் அரச மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த நிலையிலும் லொக்கப்பில் அடைக்கக்கூடாது.

கல்முனைக்கு மெம்பிஸ் அணி தேவையில்லை. ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று பெயருக்காவது இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், வைத்தியசாலையில் உளநல வைத்திய அதிகாரி இருக்கிறார். இவர்களின் தொலைபேசி இலக்கங்கள் பொலிஸ் நிலைய மேசையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட்டிருக்கவும், மாதம் ஒரு முறை எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போன மாதத்து அழைப்புகளைப் பேசவும் பெரிய நிதி வேண்டியதில்லை. ஓ.ஐ.சி. ஒருவர் மனம் வைத்தால் நடக்கும். அவருக்கு மாற்றம் வந்ததும் நின்றும் போகும். அதனால்தான் இது சுற்றுநிருபமாக வரவேண்டும் என்கிறேன்.

வாட்டிலிருந்து வீட்டுக்கு

வைத்தியசாலையில் இரண்டு மூன்று கிழமை இருந்து பிள்ளை தெளிந்து வருகிறான். அடுத்த சில மாதங்கள்தான் மிகக் கவனமானவை. மருந்தால் கழுத்து ஒரு பக்கம் இழுத்தால், கை நடுங்கினால், எந்நேரமும் தூக்கமாக இருந்தால் மருந்தை நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதற்கு மாற்று உண்டு. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது. அவனை மறுபடி கடலுக்கோ கடைக்கோ கூட்டிப்போகும் மச்சான் ஒருவர் இருந்தால் அதுவும் மருந்தில் பாதி.

அவன் நன்றாக இருக்கும் ஒரு பின்னேரம் அவனோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் திரும்பினால் முதலில் என்ன மாறும், தூக்கமா, சாப்பாடா. யார் சொன்னால் கேட்பான், யார் கிட்டவே வரக்கூடாது. என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வாகனத்தில், யாரோடு வைத்தியசாலைக்குப் போகச் சம்மதிப்பான். சீனி வருத்தமோ வலிப்போ இருந்தால் அதையும் எழுதுங்கள். அவன் கையாலேயே ஒப்பம் வைக்கட்டும். ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள், ஒன்று உம்மாவின் அலுமாரியில், ஒன்று பொறுப்பான மாமாவின் போனில் படமாக. ஜீப் வாசலுக்கு வருகிற இரவு ஒன்று வந்தாலும், முதலில் இறங்குகிற உத்தியோகத்தரின் கையில் கொடுக்கவேண்டியது அந்தத் தாள்தான்.